அடித்தால் சுருளும் பட்டை, சூட்டில் நிறம் மாறும் கல், ரப்பர் சங்கிலி: பள்ளிப் பருவ அணிகலன்கள் எப்படி வேலை செய்தன, எங்கே கெட்டன

மணிக்கட்டில் அடித்தால் சுருண்டுகொள்ளும் காப்புக்கு ஸ்லாப் பேண்ட் என்று பெயர். மலிவான ஸ்லாப் பேண்டின் மேலுறை கிழிந்தால், உள்ளே மஞ்சள் பெயின்ட் அடித்த எஃகுப் பட்டையும் அதில் வரிசையாக எண்களும் கோடுகளும் தெரிவதுண்டு. அது அளவு டேப். தச்சரும் கொத்தனாரும் வைத்திருக்கிற அதே டேப்பின் ஒரு துண்டு. கழித்துப் போட்ட டேப்பை வாங்கி, சாண் நீளத்துக்கு வெட்டி, சுருளப் பழக்கி, மேலே பளபளக்கும் பிளாஸ்டிக்கை ஒட்டி விற்றிருக்கிறார்கள். பிள்ளையின் கையில் இருந்தது பூப்போட்ட காப்பு. அதற்குள் இருந்தது, வெட்டிய ஓரம் மழுக்கப்படாத எஃகு.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவிய அணிகலன்களை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றில் பலவும் வெறும் அழகுக்காகப் பரவவில்லை. தானாக ஏதோ ஒன்றைச் செய்தன. அடித்தால் கையைச் சுற்றிக்கொண்டது ஒன்று. விரலின் சூட்டில் நிறம் மாறியது ஒன்று. இழுத்து விட்டால் யானை வடிவத்துக்குத் திரும்பியது இன்னொன்று. அந்த வித்தையைச் செய்யும் பாகம், அல்லது அதைப் பத்திரமாக வைத்திருக்கும் பாகம், எப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. நகல் எடுத்தவர்கள் கைவைத்ததும் அங்கேதான். வெளியே தெரிவதை அப்படியே வைத்துக்கொண்டு, தெரியாத இடத்தில் காசை மிச்சம் பிடித்தார்கள். நம் ஊர்ப் பேன்சி ஸ்டோருக்கும் திருவிழாக் கடைக்கும் வந்து சேர்ந்தவற்றில் பெரும்பகுதி இந்த நகல்கள்தான் என்பதால், இந்த விவரம் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது.

ஸ்லாப் பேண்டை உருவாக்கியவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஆசிரியர் ஸ்டூவர்ட் ஆண்டர்ஸ். 1983-இல் எஃகு நாடா ஒன்றை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தபோது, தானே சுருண்டு மூடிக்கொள்ளும் அதன் குணத்தைக் கண்டு, துணி உறை போட்டுக் கைக்காப்பாக்கினார். பெயர் ‘ஸ்லாப் ராப்’. மெயின் ஸ்ட்ரீட் டாய் கம்பெனியின் யூஜீன் மர்தா மாதிரியைப் பார்த்து விநியோகத்துக்கு எடுத்துக்கொள்ள, 1990-இல் அது அமெரிக்கப் பள்ளிகளைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டிலேயே நகல்களும் வெள்ளமாக வந்தன.

அது ஏன் சுருள்கிறது என்பதைக் கையாலேயே பார்த்துவிடலாம். கொஞ்சம் விறைப்பான காகிதத்தை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள், மறுமுனை தொங்கும். அதே துண்டை அகலவாக்கில் லேசாகக் குழித்துப் பிடித்தால் நேராக நிற்கும். குறுக்கே வளைந்த தகடு நெடுக்கே வளைய வேண்டுமானால், முதலில் அந்தக் குறுக்கு வளைவு தட்டையாக வேண்டும். அதற்கு விசை வேண்டும். விசை வராதவரை தகடு நேராகவே நிற்கும். அளவு டேப்பைப் பல அடி நீட்டினாலும் தொங்காமல் நிற்பது இதனால்தான். டேப்பை மடக்கிப் பிடித்துக் கையை எடுத்தால் படக்கென்று நேராகிவிடுகிறதே, அதற்கு நிலையாக இருக்கத் தெரிந்த வடிவம் அந்த ஒன்றுதான்.

ஸ்லாப் பேண்டுக்கு நிலையான வடிவங்கள் இரண்டு. குழிவான தகட்டை, குழிவின் முதுகுப் பக்கம் உள்ளே வரும்படி, குறுகிய விட்டத்தில் நெடுக்குவாக்கில் இறுக்கிச் சுருட்டுகிறார்கள். எஃகு தன் மீள்தன்மையின் எல்லையைச் சற்றுத் தாண்டும் அளவுக்கு இந்தச் சுருட்டல் இருக்க வேண்டும். அப்போது ‘சுருண்டு கிட’ என்ற இழுவை தகட்டுக்குள்ளேயே தங்கிவிடும். பட்டையை விரித்து நேராக்கினால் குறுக்குக் குழிவு மறுபடி எழுந்து அந்த இழுவையைத் தடுத்து நிறுத்துகிறது. இரண்டும் மோதி நிற்கும் நிலை அது. மணிக்கட்டில் அடிக்கும்போது நடுவில் புடைத்திருக்கும் முதுகுப் பக்கம் ஒரு நொடி தட்டையாகிறது. தடுப்பு போய்விட்டது, உள்ளே காத்திருந்த இழுவை தகட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுருட்டிக்கொண்டு போகிறது. பிடித்துக்கொள்ளும் வேலையை அடி செய்வதில்லை, பூட்டைத் திறந்துவிடுவது மட்டுமே அதன் வேலை. அதனால் ஓங்கி அடிக்கத் தேவையே இல்லை. குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி பிடித்து, மணிக்கட்டில் வைத்து விரலால் நடுவில் அழுத்தினாலும் சுருளும். மாற்றிப் பிடித்து, குழிவான பக்கத்தால் அடித்தால் சுருளாது, சுள்ளென்று வலிக்க மட்டும் செய்யும். சின்னப் பிள்ளைகள் ‘இது வேலை செய்யவில்லை’ என்று கொண்டுவருவதில் பாதி இந்தக் கோளாறுதான்.

பட்டையின் நீளம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர், அகலம் இரண்டரை. தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு. இந்த மெல்லிய தடிமன்தான் வித்தைக்கும் காரணம், விபத்துக்கும் காரணம். இவ்வளவு மெல்லிய எஃகை வெட்டிய ஓரம் கத்திக்குச் சமம். நல்ல பட்டையில் முனைகளை வட்டமாக வெட்டி, ஓரப் பிசிறை எடுத்து, உறையை முனைக்கு அப்பாலும் சில மில்லிமீட்டர் நீட்டி மூடியிருப்பார்கள். மலிவு நகலில் முனை சதுரமாக இருக்கும், உறை தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். அடிக்கும்போது மிக வேகமாகச் சுழன்று வந்து மோதுவது முனைதான். அதனால் உறை முதலில் கிழிவதும் முனையில்தான். 1990-இல் கனெக்டிகட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்டில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் விரலை இப்படி ஒரு நகல் பட்டையின் தகடு அறுத்தது. மாநில நுகர்வோர் பாதுகாப்புத் துறை தலையிட்டது. பள்ளிகள் ஒவ்வொன்றாகத் தடை போட்டன. தடை நகலுக்கு மட்டும் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அசலும் சேர்ந்தே போனது.

பட்டை கெட்டுப்போவதில் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. எதிர்த்திசையில் கூர்மையாக மடக்கினால் அந்த இடத்தில் எஃகு நிரந்தரமாக மடிந்து, குறுக்குக் குழிவு போய்விடும். அதற்குப் பிறகு பட்டை நேராக நிற்காது, மடிப்பிலேயே தொங்கும். அதைத் தட்டிச் சரிசெய்யப் பார்ப்பது வீண். மடிந்த இடத்தையே மறுபடி மறுபடி வளைத்தால் எஃகு சோர்ந்து இரண்டாக முறியும், முறிந்த முனை எந்த வெட்டு முனையையும்விடக் கூர்மையானது. இன்னொன்று துரு. நகல்களில் உள்ளது பெரும்பாலும் துருப்பிடிக்கக்கூடிய கரிம எஃகு. உறையில் ஊசித் துளை விழுந்தால் வியர்வை உள்ளே போகும். நம் ஊர் வெக்கையில் சில மாதத்தில் உறைக்கு மேலேயே பழுப்புக் கறை தெரியும். கறை தெரிந்தாலோ உலோகம் எங்காவது கண்ணில் பட்டாலோ பட்டையின் ஆயுள் முடிந்தது. செலோடேப் ஒட்டிக் காப்பாற்ற முடியாது, இரண்டாவது அடியிலேயே டேப் கிழிந்துவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது பூவையும் நிறத்தையும் அல்ல, இரண்டு முனைகளையும். நகத்தால் முனையை நீவினால் உறைக்கும் தகட்டுக்கும் நடுவே கொஞ்சம் மெத்தென்ற இடம் இருக்க வேண்டும், கூரான மூலை தட்டுப்படக் கூடாது.

இதே வித்தை இன்று இருட்டில் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையாக, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கணுக்காலிலும் பையிலும் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பொருளாக உயிரோடு இருக்கிறது. நார்க் கலவையில் செய்த இரட்டை நிலைத் தகடுகள், சுருட்டி வைத்து விரிக்கும் கம்பங்களாகவும் பயன்படுகின்றன. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட முடியாத இயந்திரவியல் இது.

விரலின் சூட்டில் கல்லின் நிறம் மாறும் மூட் மோதிரத்தின் கதை பதினைந்து ஆண்டுகள் முந்தையது. 1975-இல் நியூயார்க்கில் ஜோஷ் ரெனால்ட்ஸ், மாரிஸ் அம்பாட்ஸ் என்ற இருவர் கொண்டுவந்தார்கள். பொன்விட் டெல்லர் என்ற உயர்ரகக் கடையில் வெள்ளி நிற மோதிரம் 45 டாலர், தங்கத்தில் 250 டாலர். பிள்ளைகளின் சாமானாக அது பிறக்கவே இல்லை. காப்புரிமை வாங்காமல் விட்டதால் சீக்கிரமே யார் வேண்டுமானாலும் செய்து சில டாலருக்கு விற்க முடிந்தது; பள்ளிப் பிள்ளைகள் கைக்கு வந்ததும் அப்படித்தான்.

கல்லுக்குள் இருப்பது திரவப் படிகம். 1888-இல் பிராகில் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டிராலிலிருந்து செய்த ஒரு சேர்மத்தைச் சூடாக்கியபோது அது இரண்டு தனித்தனி வெப்பநிலைகளில் உருகுவதுபோல நடந்துகொண்டதைக் கவனித்ததில் இந்தப் பொருளின் வரலாறு தொடங்குகிறது. இந்தச் சேர்மங்களில் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதைவிடச் சற்றுத் திரும்பியிருப்பதால் மொத்தமாக ஒரு முறுக்கு அமையும். ஒரு முழு முறுக்குக்கு ஆகும் உயரம், நாம் காணும் ஒளியின் அலைநீளத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அதற்கு ஏற்ற நிறத்தை மட்டும் படிகம் திருப்பி அனுப்பும். சூடு ஏறினால் முறுக்கு இறுகி உயரம் குறையும், நிறம் நீலத்தை நோக்கிப் போகும். சூடு இறங்கினால் முறுக்கு தளர்ந்து சிவப்பை நோக்கிப் போகும். இன்னும் இறங்கினால் திருப்பி அனுப்பும் ஒளி கண்ணுக்குத் தெரியாத எல்லைக்குப் போய்விட, பின்னால் பூசியிருக்கும் கறுப்பு மட்டும் தெரியும். அந்தக் கறுப்புப் பூச்சு அவசியம். அது இல்லாவிட்டால் படிகத்தைக் கடந்து போகும் மற்ற நிறங்களும் திரும்பி வந்து எல்லாவற்றையும் மங்கடித்துவிடும்.

வழக்கமான மோதிரம், விரலின் தோல் 28 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது பச்சையோ நீலமோ காட்டும்படி கலக்கப்பட்டது. அதோடு வந்த அட்டையில் நீலம் என்றால் அமைதி, கறுப்பு என்றால் பதற்றம் என்று எழுதியிருக்கும். அதில் ஒரு துளி உண்மை உண்டு. பதற்றத்தில் விரல்களின் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்கும், விரல் குளிரும். ஆனால் விரல் குளிர்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் அறையின் குளிர்தான். மே மாதச் சென்னையில் இந்த மோதிரத்தைப் போட்டால் யாராக இருந்தாலும் நீலமோ ஊதாவோதான். ஊட்டியின் அதிகாலையில் எவ்வளவு மகிழ்ச்சியான பிள்ளைக்கும் கறுப்புதான். அட்டை சொல்லாத இன்னொன்றும் உண்டு. சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் படிகத்தின் முறுக்கே குலைந்து, அது சாதாரணத் திரவம் போலாகிவிடும். அப்போதும் தெரிவது பின்னணிக் கறுப்புதான். ஆக, கறுப்பு இரண்டு முனையிலும் வரும். வெயிலில் கிடந்த மோதிரம் கறுத்துப்போய் இருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை, நிழலில் வைத்தால் ஊதாவில் தொடங்கித் திரும்பி வரலாம்.

திரும்பி வராத கறுப்பும் உண்டு. அதற்குக் காரணம் தண்ணீர். நல்ல மோதிரத்தில் படிகத்தை நுண்ணிய உறைத்துளிகளாக்கி, மேலே கண்ணாடியோ தெளிவான பிசினோ வைத்து, சுற்றிலும் இடைவெளி இல்லாமல் மூடியிருப்பார்கள். மலிவு மோதிரத்தில் படிகம் பூசிய மெல்லிய தாளை வட்டமாக வெட்டி, மேலே பிளாஸ்டிக் குமிழைப் பசை போட்டு ஒட்டியதோடு சரி. கை கழுவும்போது விளிம்பு வழியாக ஈரம் ஏறும். முதலில் கல்லின் ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியும், பிறகு அது நடுவை நோக்கி நகரும், ஒருநாள் முழுவதும் கறுத்து நின்றுவிடும். ஓர வளையம் தெரிந்தபின் செய்ய ஒன்றுமில்லை. தெரிவதற்கு முன்னால் செய்யலாம்: சோப்பு போடும் முன் கழற்றுவது, வெயில் படும் சன்னலோரத்தில் வைக்காமல் இருப்பது. புற ஊதாக் கதிரும் இந்தச் சேர்மத்தைச் சிதைக்கும். இதே பொருளை நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் பட்டையிலும் மீன்தொட்டிக் கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானியிலும் பார்க்கலாம். அங்கே எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

மோதிரத்தின் வளையம் தனிப் பிரச்சினை. விரலில் பச்சைக் கறை படிந்தால் அது செம்பு, வியர்வையோடு சேர்ந்து உண்டான உப்பு, கழுவினால் போய்விடும். அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வந்தால் பெரும்பாலும் நிக்கல். ஒருமுறை நிக்கல் ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். அதனால் அரிப்பு வந்த அன்றே கழற்றிவிட வேண்டும், உள்பக்கம் நெயில் பாலிஷ் பூசி மறுபடி போட்டுக்கொள்ளும் பழக்கம் சில நாள்தான் தாங்கும்.

விலங்கு வடிவ ரப்பர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2002-இல் ஜப்பானிய வடிவமைப்பாளர்கள் யுமிகோ ஒஹாஷியும் மசோனர் ஹனேடாவும் அலுவலக ரப்பர் பேண்டை விலங்கு உருவில் செய்தார்கள். அழகாக இருந்தால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட மாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த ராபர்ட் க்ரோக் அதையே பெரிதாக்கித் தடிமனாக்கி, 2008-இல் ‘சில்லி பேண்ட்ஸ்’ என்ற பெயரில் பிள்ளைகளின் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தார். 2010-இல் உச்சம், மாற்றிக்கொள்வதும் சண்டை பிடிப்பதும் வகுப்பைக் கெடுத்ததால் அதே ஆண்டில் பல பள்ளிகளில் தடை.

வடிவம் திரும்பி வருவதற்குக் காரணம், அது எந்த வடிவில் இருக்கும்போது இறுதியாகக் கெட்டிப்படுகிறதோ அந்த வடிவத்தை ரப்பர் விடாது என்பதுதான். சாதாரண ரப்பர் பேண்டை நீண்ட குழாயாகச் செய்து, வேகவைத்து, வெங்காயம் நறுக்குவதுபோல வளையம் வளையமாக வெட்டுகிறார்கள். எனவே அது எப்போதும் வட்டத்துக்குத்தான் திரும்பும். சிலிகானை யானை உருவில் வைத்தே கெட்டிப்படுத்தினால் யானைக்குத் திரும்பும். சிலிகானின் பலவீனம் கீறல். ஓரத்தில் நகம் பட்டுச் சிறு கீறல் விழுந்தாலும் அடுத்த இழுப்பில் அறுந்துவிடும். நகல்களில் சிலிகானோடு மலிவான தூளை அதிகம் கலப்பார்கள். இழுத்து முறுக்கினால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். வெளுத்தால் கலப்படம். வேறு பிளாஸ்டிக்கில் செய்ததாக இருந்தால் வெளுக்காது, ஆனால் இரண்டு நாள் கையில் இருந்ததும் வடிவம் தளர்ந்து எந்த விலங்கு என்றே தெரியாமல் போகும்.

இனி லூம் பேண்ட், அதாவது சின்ன ரப்பர் வளையங்களை ஒன்றோடொன்று கோத்துப் பின்னும் காப்பு. இந்த வரிசையில் எங்களுக்கு மிகவும் மதிப்பானது இதுதான், ஏனென்றால் இதில் மட்டும் வித்தையைப் பிள்ளையே செய்கிறது. மலேசியாவில் பிறந்து அமெரிக்காவில் நிசான் நிறுவனத்தில் விபத்துப் பாதுகாப்புப் பொறியாளராக இருந்த சியோங் சூன் இங், 2010-இல் தன் மகள்கள் சின்ன ரப்பர்களைக் கையால் கோத்துக் காப்பு செய்வதைப் பார்த்தார். அவருடைய விரல்கள் அதற்குப் பெரிதாக இருந்ததால் ஒரு மரப்பலகையில் குண்டூசிகளை வரிசையாகக் குத்தி அதில் பின்னிப் பார்த்தார். குடும்பச் சேமிப்பில் 10,000 டாலரைப் போட்டுத் தொடங்கியது ‘ரெயின்போ லூம்’. 2013-இல் அமெரிக்காவிலும் 2014-இல் பிரிட்டனிலும் பெரும் அலை. நம் ஊர்க் கடைகளில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கத் தொடங்கியதும் அந்த அலையின் நீட்சிதான். அசல் பெட்டியில் ஒரு பலகை, ஒரு கொக்கி, 600 ரப்பர், 24 கிளிப்.

அவர் வாங்கிய காப்புரிமையின் தலைப்பிலேயே ஒரு கணிதவியலாளரின் பெயர் இருக்கிறது. ஹெர்மன் புரூன் என்ற ஜெர்மானியர் 1892-இல் ஒரு வகைப் பிணைப்பை ஆராய்ந்தார்: எல்லா வளையங்களும் சேர்ந்தால் பிரிக்க முடியாது, எந்த ஒன்றை நீக்கினாலும் மொத்தமும் பிரிந்துவிடும். லூம் சங்கிலி அப்படிப்பட்டது. ஒரு ரப்பரை இரண்டாக மடித்து அதன் மடிப்புக்குள் அடுத்ததை நுழைக்கிறோமே தவிர எங்கும் முடிச்சு இல்லை. அதனால் ஐம்பது ரப்பரில் ஒன்று அறுந்தால் காப்பு முழுவதும் கழன்று போகும். மலிவுப் பாக்கெட்டால் வரும் நஷ்டம் இதுதான். ஒரு பாக்கெட்டில் மெலிந்த ரப்பர் நான்கு இருந்தால் நான்கு ரப்பர் நஷ்டம் இல்லை, நான்கு காப்பு நஷ்டம். பின்னத் தொடங்குமுன் ஒவ்வொன்றையும் இரண்டு விரலில் மாட்டி ஒருமுறை நன்றாக விரித்துப் பார்த்துப் போடுவது நேர விரயம் அல்ல. ஒட்டுத் தழும்பு கெட்டியாக இருப்பதையும், ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருப்பதையும் அப்போதே ஒதுக்கிவிடலாம்.

பலகை இல்லாமலே பின்னக்கூடிய ஃபிஷ்டெயில் (மீன்வால்) என்ற பின்னல் தொடங்குவதற்கு நல்லது. இரண்டு பென்சில் போதும். விரல்களில் பின்னினால் ரப்பர் இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். முதல் ரப்பரை எட்டு வடிவில் முறுக்கி இரண்டு பென்சிலிலும் மாட்ட வேண்டும். முறுக்கு இந்த ஒன்றுக்கு மட்டும். அதற்கு மேலே இரண்டாவதும் மூன்றாவதும் முறுக்காமல் நேராக. இப்போது அடியில் இருக்கும் ரப்பரை இடது பென்சிலிலிருந்து மேல்வழியாகக் கழற்றி நடுவே விட வேண்டும், பிறகு வலது பென்சிலிலிருந்தும் அப்படியே. பென்சிலில் மீதி இரண்டு. மேலே புதிதாக ஒன்று, அடியில் இருப்பது கழன்று நடுவே. எப்போதும் மூன்றாக்கி இரண்டாக்குவதுதான் கணக்கு. பத்துப் பன்னிரண்டு போனபின் கீழே தொங்கும் வாலை லேசாக இழுத்துவிட்டால் பின்னல் சீராகும். பிள்ளையின் கைக்கு 40 முதல் 50 ரப்பர் பிடிக்கும். நீளம் போதும் என்றதும் புதிதாகச் சேர்க்காமல் அடி ரப்பரை மட்டும் கழற்ற வேண்டும். ஒரே ரப்பர் பென்சில்களில் நிற்கும். அதன் இரண்டு இழையையும் சேர்த்துக் கிளிப்பில் மாட்டி, கிளிப்பின் மறுபக்கத்தை முதல் ரப்பரில் கோத்தால் காப்பு தயார்.

பெரும்பாலும் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதல் ரப்பரை முறுக்க மறந்தால் அது நடுவில் பிடிக்கப்படாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். பின்னால் வருபவற்றையும் முறுக்கினால் பின்னல் ஒரு பக்கம் திருகிக்கொள்ளும். கிளிப்பில் இரண்டு இழைக்குப் பதில் ஒன்று மட்டும் மாட்டினால் போட்ட அன்றே கழன்றுவிடும். பலகையில் பின்னும்போது தவறு வேறு. ஒற்றைச் சங்கிலிக்கு, பலகையில் நிற்கும் மூன்று முளை வரிசைகளில் நடு வரிசையும் ஒரு ஓர வரிசையும் மட்டும் எடுத்துக்கொண்டு வளைந்து வளைந்து 25 ரப்பர் மாட்டி, பலகையைத் திருப்பிப் பிடித்து, கொக்கியை முளையின் உள்பள்ளத்துக்குள் விட்டு அடி ரப்பரை எடுக்க வேண்டும். வெளிப்பக்கமாக எடுத்தால் மேலே உள்ள ரப்பரின் கண்ணுக்குள் அது நுழைந்திருக்காது. பார்க்கச் சரியாகவே தெரியும். கழற்றும்போதுதான் அந்த இடத்தில் சங்கிலி விட்டிருப்பது தெரியும்.

2014 ஆகஸ்டில் பிரிட்டனில் நகைகளின் தரத்தைச் சோதிக்கும் பர்மிங்காம் அசே அலுவலகம், இந்தக் காப்புகளில் தொங்கவிடும் சின்னச் சார்ம்களைச் சோதித்தது. நகல் சார்ம்கள் சிலவற்றில், ஐரோப்பியச் சட்டம் அனுமதித்த 0.1 சதவீதத்தைப் பல மடங்கு தாண்டித் தாலேட் இருந்தது. பிவிசி இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக். அதை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள்களில் ஒரு வகை தாலேட். அது பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பில் சேர்வதில்லை, இடுக்கில் தங்கியிருக்கிறது. அதனால் மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும், பிள்ளை வாயில் வைத்துச் சப்பினால் இன்னும் வேகமாக. பாக்கெட்டைத் திறந்ததும் தலைவலிக்கும் நெடி, தொட்டால் பிசுபிசுப்பு, இரண்டு சார்ம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது: இவை எச்சரிக்கைக் குறிகள். இவை இல்லாததாலேயே பாதுகாப்பானது என்று முடிவு செய்யவும் கூடாது. இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். லூம் பெட்டி வாங்கினால் முதலில் தேட வேண்டியது அந்த முத்திரையை.

உலோகச் சார்ம் இன்னும் பெரிய ஆபத்து. 2006-இல் மினியாபோலிஸில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், காலணியோடு இலவசமாக வந்த காப்பின் இதய வடிவத் தொங்கலை விழுங்கி ஈய நஞ்சால் இறந்தான். தொங்கலில் ஈயம் 99 சதவீதம். மூன்று லட்சம் காப்புகள் திரும்பப் பெறப்பட்டன. அதன்பின் வந்த 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அமெரிக்காவில் பிள்ளைகளின் பொருளில் ஈயத்தின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2011 முதல் பத்து லட்சத்தில் 100 பங்கு. அளவுக்கு மீறிக் கனக்கும், நகத்தால் கீறினால் கோடு விழும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் தடம் விடும் தொங்கலைச் சந்தேகப்பட வேண்டும். உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தால் பிள்ளையின் கையிலிருந்து எடுத்துவிட ஆய்வு முடிவு தேவையில்லை.

பழைய பெட்டியில் இந்தச் சாமான்களை எடுத்து வைத்திருப்பவர்கள் ரப்பரையும் பிவிசி சார்மையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. சார்மிலிருந்து கசியும் எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கூழாக்கும், டப்பாவின் பிளாஸ்டிக்கையும் மென்மையாக்கி ஒட்டவைக்கும். சார்ம்களைத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து வைக்கலாம். பின்னி முடித்த காப்பை இழுத்த நிலையில் எதிலும் மாட்டி வைத்தால் நாளாக நாளாகத் தளர்ந்து, ஒருநாள் மெலிந்த ரப்பர் ஒன்று அறுந்து மொத்தமும் உதிரும். தளர்வாகப் படுக்கவைத்தால் பல ஆண்டு தாங்கும். உதிர்ந்த ரப்பர்கள் மண்ணில் மட்குவதில்லை. பூனையும் காக்கையும் அவற்றைப் புழு என்று எடுக்கும் அளவிலும் நிறத்திலும் இருப்பதால், பெருக்கி வாசலில் தள்ளாமல் ஒரு உறையில் போட்டு மூடிக் குப்பையில் சேர்க்க வேண்டும்.